லாபத்தைக் கடைசியில் பாருங்கள்: ஊர்ச் சங்கத்தின் கணக்கைப் படிக்கப் பழகுகிறவர்களுக்கு

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி முதல் சாயல்குடி வரை கடலை ஒட்டிய எந்த ஊரிலும் கூட்டுறவுச் சங்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "லாபத்துல ஓடுது" என்றோ "எங்கே, யாரு கட்டுறா" என்றோ ஒரே வரியில் பதில் வரும். இரண்டும் பாதிப் பேச்சுதான். லாபம் காட்டும் சங்கம் உள்ளே காலியாக இருக்கலாம், நட்டம் காட்டும் சங்கம் நல்ல மழை பெய்த ஒரு வருடத்தில் தலை நிமிர்ந்துவிடலாம். எந்தச் சங்கம் எந்த நிலையில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம், கூட்டல் கழித்தலும் சதவீதமும் தெரிந்தால் போதும். புதிதாக உறுப்பினர் ஆனவர்களையும், சிற்றெழுத்தராக இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

லாப நட்டக் கணக்கு கைக்கு வந்ததும் கடைசி வரியைத் தேடும் பழக்கம் எல்லாருக்கும் உண்டு. அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் பாக்கி, அப்புறம் பாக்கியின் வயது, அப்புறம் மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிக்குச் (இனி மத்திய வங்கி) சங்கம் தர வேண்டிய தொகை, இவ்வளவும் பார்த்த பிறகு லாபத்துக்கு வாருங்கள். அந்த எண் அப்போதுதான் பேசும்.

யார் யாருக்குக் கடன்காரர்

நம் மாநிலத்தில் குறுகிய காலக் கூட்டுறவுக் கடன் மூன்று அடுக்காக வருகிறது. மேலே தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி, நடுவில் மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி, கீழே ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். பயிர்க்கடனுக்கு நபார்டு என்னும் தேசிய வேளாண்மை, ஊரக வளர்ச்சி வங்கி தரும் மறுநிதி மேலிருந்து இந்த வழியாகத்தான் இறங்குகிறது. ஆக உங்களுக்குக் கடன் கொடுக்கும் சங்கமே இன்னொரு இடத்தில் கடன் வாங்கிய சங்கம். நீங்கள் கட்டினாலும் கட்டாவிட்டாலும் அது மத்திய வங்கிக்குக் கட்டித்தான் ஆக வேண்டும். இந்த ஒன்றை மனதில் வைத்தாலே மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

சட்டப்படி பார்த்தால், 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் எல்லாருக்கும் பொது. மாநில, மத்திய கூட்டுறவு வங்கிகள் அதோடு ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கும் உட்பட்டவை, 2020-இல் திருத்தப்பட்ட வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 2021 ஏப்ரல் 1 முதல் அவற்றுக்கு அமலுக்கு வந்தது. ஊர்ச் சங்கம் அந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. இதனால் வரும் ஒரு விளைவை உறுப்பினர்களில் பல பேர் கவனிப்பதில்லை: வைப்புத்தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கும் காப்பீடு மத்திய கூட்டுறவு வங்கியில் போட்ட பணத்துக்கு உண்டு, ஊர்ச் சங்கத்தில் போட்ட பணத்துக்குக் கிடையாது. பயமுறுத்தச் சொல்லவில்லை. சங்கத்தில் வைப்பு வைத்திருக்கும் ஒருவருக்கு அதன் பாக்கிக் கணக்கைப் பார்க்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

எந்தத் தாள்களைக் கேட்பது

செயலாளரிடம் போய் மொட்டையாக "கணக்கைக் காட்டுங்க" என்றால் எந்த மனிதருக்கும் முகம் சுருங்கும். "அண்ணே, போன மார்ச் தணிக்கை முடிஞ்ச ஐந்தொகையும், கேட்பு வசூல் நிலுவைப் பட்டியலும் ஒரு தடவை பார்க்கணும்" என்று தாளின் பேரைச் சொல்லிக் கேளுங்கள். பேச்சே மாறிவிடும். தேவைப்படுவது நான்கு: ஐந்தொகை (சங்கத்தின் சொத்து என்ன, பொறுப்பு என்ன என்று காட்டும் தாள்), லாப நட்டக் கணக்கு, கடன் வகைவாரியான கேட்பு வசூல் நிலுவைப் பட்டியல், தணிக்கை அறிக்கையில் குறைபாடுகள் சொல்லியிருக்கும் பக்கங்கள். கடைசியாகச் சொன்ன அந்தப் பக்கங்களை யாரும் படிப்பதில்லை. தணிக்கையாளர் மூன்று வருடமாக ஒரே குறையைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். அப்படி எழுதியிருந்தால் அந்தக் குறையில்தான் பணம் மாட்டியிருக்கிறது.

பாக்கி எத்தனை சதவீதம், எதில் சதவீதம்

கேட்பு என்றால் இந்த வருடம் தவணை வந்த தொகை, பழைய பாக்கியும் சேர்த்து. வசூல் என்றால் அதில் வந்தது. மீதி நிலுவை. இதுவரை சிக்கல் இல்லை. சிக்கல் சதவீதம் போடும் இடத்தில் வருகிறது.

ஒரு கணக்குப் போடுவோம், எண்கள் என் கற்பனை. ஒரு சங்கத்தில் உறுப்பினர்களிடம் நிற்கும் மொத்தக் கடன் 4 கோடி. இந்த வருடத்துக் கேட்பு 80 லட்சம், வசூல் 60 லட்சம், தவணை தவறி நிற்பது 20 லட்சம். இதையே மொத்தக் கடனில் வகுத்தால் 5 சதவீதம், கேட்பில் வகுத்தால் 25 சதவீதம். இரண்டும் பொய்யில்லை. எல்லா உறுப்பினர்களும் கூடும் பேரவைக் கூட்டத்தில் "பாக்கி வெறும் 5 சதவீதம்தான்" என்று வாசிப்பார்கள், கைதட்டலும் விழும். கட்ட வேண்டியவர்களில் கட்டியவர்கள் எவ்வளவு என்பதைக் காட்டுவது 25-தான். அதிலும் நகைக்கடனைப் புதிது புதிதாகக் கொடுத்துக்கொண்டே போனால் மொத்தக் கடன் பெருகும், 5 சதவீதம் தானாகவே 4 ஆகும், ஒரு பழைய பாக்கிகூட வசூல் ஆகாமலே. வண்டல் மேவிய கண்மாயில் தண்ணீர் கரை வரைக்கும் தெரிவது மாதிரிதான் இது, ஆழம் எவ்வளவு என்று குச்சி விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எனவே சதவீதம் சொன்னால் எதில் என்று கேளுங்கள். பயிர்க்கடன், நகைக்கடன், சுயஉதவிக் குழுக் கடன், மற்றவை என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

பாக்கியின் வயது

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். 20 லட்சம் பாக்கி என்பது ஒரே சரக்கு இல்லை. போன மாசியில் கட்ட வேண்டியது இந்த ஆனி வரை வராமல் இருப்பதும், ஏழு வருடமாக நிற்பதும் ஒரே பட்டியலில் ஒன்றாகக் கூட்டப்பட்டிருக்கும். பட்டியலை வாங்கி ஒரு வருடத்துக்குள், ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் நான்கு, நான்குக்கு மேல் என்று நீங்களே பென்சிலால் குறித்துப் பிரியுங்கள்.

மத்திய கூட்டுறவு வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் அளவுகோல் இது: சாதாரணத் தவணைக் கடன் 90 நாளுக்கு மேல் கட்டப்படாமல் இருந்தால் வாராக்கடன். பயிர்க்கடனுக்கு நாள் கணக்கு இல்லை, பருவக் கணக்கு. குறுகிய காலப் பயிர் என்றால் தவணை தவறி இரண்டு பயிர்ப் பருவம், நீண்ட காலப் பயிர் என்றால் ஒரு பருவம். ஊர்ச் சங்கத்தை இந்த விதி நேரடியாகக் கட்டுப்படுத்தாவிட்டாலும் உங்கள் சொந்தப் பரிசோதனைக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

பருவத்தை ஏன் பிடித்துக்கொள்கிறேன் என்றால், நம் கடலோரத்தில் பணம் வரும் மாதங்கள் வேறு. ஆவணி, புரட்டாசியில் புழுதியில் நெல் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கும் பூமி இது. வடகிழக்குப் பருவமழை கைகொடுத்தால் தை, மாசியில் அறுவடை. மிளகாய்க்காரருக்குப் பங்குனியில் ஆரம்பித்து ஆனி வரைக்கும் பழம் எடுத்துக் காயவைத்து விற்று வர வேண்டும். நம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்ல விஷயம், ஆனால் எட்டிவயல் சந்தைக்கோ கமிஷன் கடைக்கோ மூட்டை போனதும் முதலில் கழிவது கடைக்காரர் கொடுத்த முன்பணம், சங்கம் கடைசியில்தான் நிற்கிறது. மீனவர் வீடுகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கரையில் நிற்கும், அந்த இரண்டு மாதமும் நகைதான் சோறு போடும். மிளகாய்க்காரருக்கு மார்ச் 31-இல் தவணை வைத்தாலும், மீனவர் வீட்டு நகைக்கடனுக்கு மே மாதத்தில் தவணை வைத்தாலும் அது தவறத்தான் செய்யும். அந்தப் பாக்கி ஆள் மோசம் என்பதால் வரவில்லை, தேதி மோசம் என்பதால் வந்தது. அப்படிப்பட்ட பாக்கி ஆடி, ஆவணிக்குள் பெரும்பாலும் வந்துசேரும். வயது பிரித்துப் பார்த்தால்தான் இது தெரியும்.

அப்புறம், மொத்த ஊரும் சேர்ந்து தவறிய வருடம் என்று சில இருக்கும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்தப் பருவத்துக் கடன் உங்கள் சங்கத்துப் பட்டியலில் இன்னும் நிற்கிறதா என்று தேடுங்கள். இப்படிப் பயிர் பொய்த்த வருடங்களில் குறுகிய காலக் கடனை மத்திய காலக் கடனாக மாற்றித் தவணையை நீட்டிக்கொடுக்க வழி இருக்கிறது. சங்கம் அதை உரிய நேரத்தில் செய்ததா, செய்யாமல் விட்டுப் பாக்கியாகவே வைத்ததா என்று கேட்கலாம். பயிர்க் காப்பீட்டையும் சேர்த்துப் பாருங்கள். 2020 காரீப் பருவத்திலிருந்து கடன் வாங்கிய விவசாயிக்கும் அது கட்டாயமில்லை, விருப்பம்தான். சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், மிளகாய் போன்ற தோட்டப் பயிர்களுக்கு 5 சதவீதம். மானாவாரி பூமியில் பயிர்க்கடன் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் காப்பீடு செய்தார்கள் என்ற எண் ஒரு சங்கத்தில் இருந்தால், அடுத்த வறட்சியில் அதன் பாக்கி எங்கே போகும் என்று இன்றைக்கே சொல்லிவிடலாம்.

நான்கு வருடத்துக்கு மேல் நிற்பவை தனி இனம். கடன்காரர் இறந்திருப்பார், மகன் வளைகுடாவில் இருப்பார், நிலம் இரண்டு கை மாறியிருக்கும், ஜாமீன் போட்டவர் "எனக்குத் தெரியவே தெரியாது" என்பார். படகுக் கடன் என்றால் பாக் நீரிணையில் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டுபோன படகு திரும்பி வராமலே கடன் மட்டும் நிற்கும். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு, வசூலுக்குத் தாவா (வழக்கு) போடப்பட்டதா, தீர்ப்பு வாங்கியும் நிறைவேற்றாமல் கிடக்கிறதா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

மார்ச் கடைசி வாரத்தைப் பாருங்கள்

பட்டியலில் பாக்கியே இல்லை என்று வந்தாலும் உடனே சந்தோஷப்படாதீர்கள். சங்கத்தில் வேலை பார்க்கிறவராக இருந்தால் கடன் பேரேட்டில் ஒரு பக்கத்தை எடுத்துப் பாருங்கள். உறுப்பினராக இருந்தால் உங்கள் சொந்தக் கணக்குப் பக்கத்தையே கேட்டு வாங்கிப் பாருங்கள். மார்ச் 28-இல் அசல் முழுக்க வரவு. மார்ச் 29-இலோ 30-இலோ அதே பேருக்கு அதே தொகை, அல்லது கொஞ்சம் கூடுதலாக, புதுக் கடன். அதற்கு முந்தின வருடமும் அதே. அதற்கும் முந்தின வருடமும் அதே. நடுவில் ஒரு வருடம் முழுக்க ஒரு ரூபாய் வரவு கிடையாது.

இதைக் கட்டி எடுக்கிறது என்போம். கடன்காரர் ஊரில் வட்டிக்கு விடுகிறவரிடம் இரண்டு நாளைக்குக் கைமாற்று வாங்கிக் கட்டுவார், புதுக் கடன் வந்ததும் அதைத் திருப்பிக் கொடுப்பார், அந்த இரண்டு நாளுக்கு அவர் கேட்கிற வட்டியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சில இடங்களில் கைமாற்றுகூட இல்லை, பணமே மேஜைக்கு வராமல் ஏட்டிலேயே வரவும் பற்றும் எழுதிவிடுகிறார்கள். குறித்த தேதியில் கட்டினால் பயிர்க்கடனுக்கு உறுப்பினருக்கு வட்டியே இல்லை, அந்த 7 சதவீதத்தை அரசு ஏற்றுக்கொள்கிறது. அந்தச் சலுகை போய்விடக் கூடாது என்பதால் உறுப்பினரும் இதற்கு உடன்படுகிறார், வசூல் சதவீதம் நன்றாக இருக்க வேண்டும் என்பதால் சங்கமும் உடன்படுகிறது.

எல்லாக் கட்டி எடுப்பும் மோசம் என்று நான் சொல்லமாட்டேன். அறுவடைப் பணத்தை வைத்திருந்து தேதிக்குக் கட்டி, அடுத்த பருவத்துக்கு எடுக்கிறவரும் இதே மாதிரிதான் ஏட்டில் தெரிவார். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கட்டிய தேதிக்கும் எடுத்த தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் என்று பாருங்கள். மாசியில் கட்டி ஆவணியில் எடுத்தால் அது விவசாயம். வருடா வருடம் ஒரு நாள் இடைவெளியில், விதைப்பே இல்லாத பங்குனியில், தொகை மட்டும் ஏறிக்கொண்டே போனால் அந்தக் கடன் ஓடவில்லை, நிற்கிறது. வாராக்கடன் பட்டியலில் அது வராது, ஒரு நாள் கைமாற்று கிடைக்காமல் போகும் வருடத்தில் மொத்தமாக வந்து விழும்.

நகைக்கடன்: பத்திரமானது, பார்த்துக்கொள்கிற வரைக்கும்

நகைக்கடன் அதிகமாக வைத்திருக்கும் சங்கத்தில் லாபம் தெரியும், பெட்டகத்தில் தங்கம் இருக்கும்போது என்ன கவலை என்ற பேச்சும் கூடவே வரும். கவலை மூன்று இடத்தில் இருக்கிறது.

ஒன்று, நகையே சரியான நகையா என்பது. ஒவ்வொரு கடனுக்கும் ஒரு நகைப் பை, பையின் மேல் சீட்டு, சீட்டில் கடன் எண், பேர், நகைகளின் எண்ணிக்கை, மொத்த எடை, கல்லும் அரக்கும் கழித்த நிகர எடை. திடீர்ச் சரிபார்ப்பு நடக்கும்போது பைகளை எண்ணிவிட்டு "சரியா இருக்கு" என்று கையெழுத்துப் போடுவது சரிபார்ப்பு ஆகாது. பையைப் பிரித்து, தராசில் வைத்து, சீட்டோடும் பேரேட்டோடும் ஒத்துப்பார்த்து, வேறொரு மதிப்பீட்டாளரை வைத்து உரசிப் பார்க்க வேண்டும். எடை போட்டவரே வருடக்கணக்கில் எடை போட்டு, அவரே சரிபார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில்தான் போலி நகை தங்குகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பிக்குச் சொல்கிறேன்: பையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே, யார் சொன்னாலும் சரி. பின்னால் நட்டம் கணக்காகும்போது கையெழுத்துப் போட்ட எல்லாரிடமும் தண்டத்தீர்வையாக வசூலிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இரண்டு, கிராமுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி வங்கிகள் 2.5 லட்சம் வரையிலான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை, 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 வரை கொடுக்கலாம். ஊர்ச் சங்கத்துக்குக் கிராம் விலை மத்திய வங்கியின் சுற்றறிக்கையில் வரும். கடன் கொடுத்த அன்றைக்குப் போதுமானதாக இருந்த மதிப்பு, வட்டி ஏற ஏறக் குறைந்துகொண்டே வரும். ஒரு வருடத்தில் திருப்ப வேண்டிய நகையை இரண்டு வருடம் விட்டுவைத்து, தங்கம் விலையும் சரிந்தால், அசலும் வட்டியும் நகை மதிப்பைத் தாண்டிவிடும். அப்புறம் அதைத் திருப்ப யார் வருவார்?

மூன்றாவது, ஏலம். தாலிச் சங்கிலியை ஏலம் விடுவதா என்று செயலாளருக்கும் மனசு வராது, ஊரும் பேசும். மனசு வராமல் தள்ளிப்போடுவதால் கடன்காரருக்கு நன்மை என்று நினைத்தால் தப்பு. முறையாக அறிவிப்புக் கொடுத்து உரிய நேரத்தில் ஏலம் விட்டால், கடன் போக மீதிப் பணம் அவருக்கே வரும். இரண்டு வருட வட்டி ஏறிய பிறகு விட்டால் அவருக்கு ஒன்றும் மிஞ்சாது, சங்கத்துக்கும் குறையும். அறிவிப்பு வீட்டில் இருக்கும் பெண் கையில் கிடைத்ததா, வெளிநாட்டில் இருக்கிறவருக்குச் செய்தி போனதா என்று ஒரு போன் போட்டுக் கேட்கும் சங்கத்தில் ஏலத்துக்குப் போகும் நகையே குறைவாகத்தான் இருக்கும்.

தள்ளுபடி வந்த வருடங்கள்

2006, 2016, 2021 என்று கூட்டுறவுப் பயிர்க்கடன் மூன்று முறை தள்ளுபடி ஆனது. 2021-இல் மட்டும் 16 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாயிகளுக்கு 12,110 கோடி ரூபாய். அதே வருடம் 5 பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன்களும் நிபந்தனைகளோடு தள்ளுபடி ஆயின, அதற்காக நடந்த ஆய்வில்தான் போலி நகைக்குக் கொடுத்த கடன்களும், ஒரே குடும்பம் பல கடன் வாங்கியதும் மாநிலம் முழுக்க வெளியே வந்தன.

கணக்குப் படிக்கிறவர் இதில் கவனிக்க வேண்டியது ஐந்தொகையில் "அரசிடமிருந்து வர வேண்டியது" என்ற வரி. தள்ளுபடி ஆன அன்றைக்கு உறுப்பினர் பேரில் இருந்த கடன் அரசு பேருக்கு மாறுகிறது, பணம் தவணை தவணையாகத்தான் வருகிறது. வட்டி மானியமும் அப்படியே. அது வாராக்கடன் ஆகாது, ஆனால் சம்பளம் கொடுக்க உதவும் ரொக்கமும் ஆகாது. அந்த வரி பெரிதாக இருக்கும் சங்கம் லாபம் காட்டிக்கொண்டே கையில் காசில்லாமல் தவிக்கும்.

தள்ளுபடி வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்கு நான் போகவில்லை, பயிர் காய்ந்துபோன வருடத்தில் அது உயிர் காத்த வீடுகள் இந்தக் கடற்கரையில் நிறைய உண்டு. ஆனால் 2021 ஜனவரி 31-இல் நிலுவையில் இருந்த கடனுக்குத்தான் தள்ளுபடி என்றானபோது, தை முதல் வாரத்தில் முதல் நெல்லை விற்று ஓடிப்போய்க் கட்டிய மனிதருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் அடுத்த முறை ஓடிப்போய்க் கட்டுவாரா? ஒரு சங்கத்தில் தேர்தல் நெருங்கும் வருடங்களில் வசூல் எப்படி இறங்கி ஏறுகிறது என்று ஐந்தாறு வருடப் பட்டியலை வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்த மனிதரின் பதில் அங்கே இருக்கும்.

இப்போது லாபத்துக்கு வாருங்கள்

நம் கற்பனைச் சங்கம் 6 லட்சம் லாபம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தவணை தவறி நிற்கும் 20 லட்சத்துக்கும் இந்த வருட வட்டி, 12 சதவீதம் என்றால் 2.4 லட்சம், வருமானத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கைக்கு வராத வட்டி அது. ஐந்தொகையின் சொத்துப் பக்கத்தில் "வர வேண்டிய வட்டி" என்று நிற்கும். அதற்கு எதிராகப் பொறுப்புப் பக்கத்தில் தவணை கடந்த வட்டிக்கு ஒதுக்கு (வராமல் போனால் ஈடுகட்ட எடுத்துவைக்கும் தொகை) வைத்திருந்தால் சரி. வைக்கவில்லை என்றால் லாபத்திலிருந்து கழியுங்கள். மீதி 3.6 லட்சம்.

அடுத்தது அசலுக்கான ஒதுக்கீடு. பென்சிலால் பிரித்த வயதுப் பட்டியல் இங்கே உதவும். ஒரு வருடத்துக்குள் 9 லட்சம், ஒன்று முதல் இரண்டு வருடம் 4 லட்சம், இரண்டு முதல் நான்கு 3 லட்சம், நான்குக்கு மேல் 4 லட்சம் என்று வந்ததாக வைப்போம். மத்திய வங்கிகளின் அளவுகோலை ஒட்டி, பிணை உள்ள கடனுக்கு முறையே 10, 20, 30, 100 சதவீதம் ஒதுக்கினால் 90 ஆயிரம், 80 ஆயிரம், 90 ஆயிரம், 4 லட்சம், ஆக 6.6 லட்சம் வேண்டும். பிணை இல்லாத பழைய கடன் என்றால் இன்னும் கூடும். புத்தகத்தில் ஏற்கெனவே 2 லட்சம் ஒதுக்கீடு இருந்தால் பற்றாக்குறை 4.6 லட்சம். 3.6-இலிருந்து 4.6 போனால் 1 லட்சம் நட்டம். பேரவையில் 6 லட்சம் லாபம் என்று வாசித்த அதே சங்கம்தான்.

கொஞ்சம் பாக்கிக்கு இவ்வளவு பாதிப்பா என்று தோன்றலாம். சங்கத்துக்கு நிற்கும் வித்தியாசம் அவ்வளவு குறைவு. மத்திய வங்கிக்குக் கொடுக்கும் வட்டி போக 100 ரூபாய்க்கு 2 ரூபாய் மிஞ்சுகிறது என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் அசல் வராமல் போவதை ஈடுகட்ட 50 லட்சம் கடன் ஒரு வருடம் முழுக்க ஒழுங்காக ஓட வேண்டும். அதுவும் சம்பளம், கரண்டு பில், வாடகை எதையும் கழிக்காமல்.

ரேஷன் கடை, உரக்கடை, பொதுச் சேவை மையம் எல்லாம் பல சங்கங்களின் கணக்கில் சேர்ந்தே வரும். ஒவ்வொன்றுக்கும் வரவு செலவைத் தனியாகக் கேளுங்கள், கடன் தொழிலின் லாபத்தை ரேஷன் கடைச் செலவு தின்கிறதா என்று தெரியும்.

மத்திய வங்கிக்குத் தர வேண்டியது

பத்து நிமிடம்தான் உங்களுக்குக் கிடைக்கும் என்றால் மற்றதை விட்டுவிட்டு இதைப் பாருங்கள் என்று சொல்வேன். மத்திய வங்கியிடம் கடன் கொடுப்பதற்காக வாங்கியதில் சங்கம் இன்னும் திருப்ப வேண்டிய தொகையை ஒரு பக்கம் எழுதுங்கள். அந்தப் பணத்திலிருந்து உறுப்பினர்களுக்குக் கொடுத்து இன்னும் வெளியில் நிற்கும் அசலை மறுபக்கம் எழுதுங்கள். முதலாவது 3.10 கோடி, இரண்டாவது 2.85 கோடி என்று வந்தால் 25 லட்சம் நடுவில் காணோம். உறுப்பினர் எல்லாரும் நாளைக்கே ஒரு பைசா பாக்கியில்லாமல் கட்டினாலும் சங்கத்தால் மத்திய வங்கிக் கடனை அடைக்க முடியாது.

அந்தப் பணம் எங்கே போயிருக்கும்? திருட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வசூலான அசலை எடுத்துச் சம்பளம் போட்டிருப்பார்கள், கட்டடம் கட்டியிருப்பார்கள், கடந்த வருடங்களின் நட்டத்தை நிரப்பியிருப்பார்கள். சில இடத்தில் உண்மையிலேயே கையாடல். எதுவானாலும் உறுப்பினர் நேர்மையாகக் கட்டிய பணம் மேலே போய்ச் சேரவில்லை. இந்த இடைவெளி வருடா வருடம் கூடுகிறதா குறைகிறதா என்பதை மூன்று வருட ஐந்தொகைகளை வைத்துப் பாருங்கள். கூடிக்கொண்டே வந்தால், லாப நட்டக் கணக்கு என்ன சொன்னாலும் சங்கம் கரைந்துகொண்டிருக்கிறது.

எங்கே, எப்படிக் கேட்பது

பேரவைக் கூட்டத்துக்குப் போங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு டீயோடு கிளம்பிவிடாதீர்கள். மூன்று கேள்வி போதும்: வகைவாரியாகக் கேட்பும் வசூலும் எவ்வளவு, நான்கு வருடத்துக்கு மேற்பட்ட பாக்கி எத்தனை பேரிடம் எவ்வளவு, மத்திய வங்கிக்குத் தர வேண்டியதற்கும் உறுப்பினரிடம் நிற்பதற்கும் எவ்வளவு இடைவெளி. யார் பேரையும் எடுக்காதீர்கள். கூட்டத்தில் ஒருவரின் பாக்கியைப் பேர் சொல்லி இழுத்தால் பேச்சு சாதிக்கும் தெருவுக்கும் போய்விடும், கணக்கு அங்கேயே செத்துவிடும். கேட்ட கேள்வியும் சொன்ன பதிலும் தீர்மானப் புத்தகத்தில் பதிவாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் கிடைக்கவில்லை என்றால் கூட்டுறவு சார்பதிவாளரிடம் எழுத்தில் கொடுங்கள், அங்கேயும் நகரவில்லை என்றால் சரகத் துணைப்பதிவாளருக்கு. தகவல் உரிமைச் சட்டம் சங்கத்துக்குப் பொருந்தாது என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். 2013-இல் கேரளத்துத் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: அரசின் கணிசமான நிதியோ கட்டுப்பாடோ இல்லாத கூட்டுறவுச் சங்கம் பொது அதிகார அமைப்பு ஆகாது, ஆனால் பதிவாளர் பொது அதிகாரிதான், சட்டப்படி அவர் சங்கத்திடமிருந்து பெறக்கூடிய தகவலை அவரிடம் கேட்கலாம். ஆகவே மனுவைச் சங்கத்துக்குப் போடாமல் துணைப்பதிவாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் போடுங்கள். தனிநபர் கடன் விவரம் கேட்டால் மறுக்கப்படும். "இன்ன சங்கத்தின் கடந்த மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை, குறைபாடுகள் பகுதி உட்பட, நகல் தேவை" என்று எழுதி, 10 ரூபாய் கட்டணத்தையும் இணைத்து அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட்டுவிடுங்கள், அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.